‘இருண்ட குணம்’ கேள்வித்தாள், தமிழ் வெர்ஷன்: 5க்கு 3 குடுக்கலாம்

போன சனிக்கிழமை அடையார் பக்கம் ஒரு காலேஜுக்கு (பேரு வேணாம்) போயிருந்தேன். சைக்காலஜிக்காரங்க ஒரு கேள்வித்தாள தமிழ்ல மாத்தி டெஸ்ட் பண்றாங்க, டீ சமோசா உண்டு, பெட்ரோலுக்கு 200 ரூபா தருவாங்கன்னு பிரெண்டு சொன்னான், வீட்ல சும்மாதான இருக்கோம்னு கெளம்பிட்டேன். பிரியாணிக்கெல்லாம் ரிவ்யூ போடறோம், இதுக்கும் ஒண்ணு போட்டா என்ன.

மேட்டர் இதான். அடுத்தவன வெச்சு தன் வேலைய முடிச்சுக்கறது, தன்ன மாதிரி உண்டான்னு நெனைக்கறது, ஈவு இரக்கமில்லாம நடந்துக்கறது, இந்த மூணு குணத்தையும் ஒண்ணா சேத்து 2002ல கனடாவுல பாலஸ், வில்லியம்ஸ்னு ரெண்டு பேரு ‘டார்க் ட்ரையட்’னு பேரு வெச்சாங்க. அத அளக்க 2014ல ஜோன்ஸும் பாலஸும் சின்னதா ஒண்ணு போட்டாங்க, குணத்துக்கு 9ன்னு மொத்தம் 27 வரி, ஒவ்வொரு வரிக்கும் 1லேர்ந்து 5 வரைக்கும் ஒரு டிக். நான் எழுதினது அதோட தமிழ். நோய் கண்டுபிடிக்கற டெஸ்ட் இல்ல, நம்மள சைக்கோன்னு யாரும் சொல்லப்போறதில்ல. மார்க் கேட்டேன், தரல.

மொத சொதப்பல் மொத பக்கத்துலயே. மேல கொட்ட எழுத்துல ‘இருண்ட ஆளுமைப் பண்புகள்’னு அடிச்சு வெச்சிருந்தாங்க, அத பாத்தப்புறம் எவன் உண்மைய எழுதுவான்? என் வரிசைல எல்லாரும் புத்தர்.

அடுத்து வார்த்தைங்க. எனக்கு பக்கத்துல ஊரூர் குப்பத்துலேர்ந்து வந்த மீன் விக்கற அக்கா. ஸ்டூடண்ட் பொண்ணு ஒவ்வொரு வரியா படிச்சு காட்டுது. “என் காரியம் நடக்க என்ன வேணா சொல்வேன்.” அக்கா டக்குன்னு, “யாரு காரியம்மா? நாம இருக்க சொல்லவே எப்டிமா நம்ம காரியம் நடக்கும்?” அவங்களுக்கு காரியம்னா பதினாறாம் நாள் காரியம்தான். சிரிச்சிட்டோம், ஆனா அந்த பொண்ணு சிரிக்கல, பென்சில்ல வட்டம் போட்டு பக்கத்துல எழுதிக்கிச்சு. இதுல விசேஷம் என்னன்னா, தமிழ இங்கிலீஷுக்கு திருப்பி வேற ஒருத்தர வெச்சு எழுத வாங்கி ஒரிஜினலோட ஒத்து பாத்தாச்சாம், எல்லாம் பக்காவா பொருந்திச்சாம். பொருந்தாம என்ன, அங்கயும் படிச்சவங்க, இங்கயும் படிச்சவங்க. அக்கா ஒரே நிமிஷத்துல புடிச்சிட்டாங்க.

விடைக்கு போட்டிருந்த வார்த்தையும் சரியில்ல. ‘ஒத்துக்கறேன்’னா ஸ்டேஷன்ல ஒக்காந்து தப்ப ஒத்துக்கற மாதிரி இருக்கு, ‘ஆமா, நான் அப்படித்தான்’னு போட்டா போச்சு. 27ல அஞ்சு வரி தலைகீழா மார்க் போடறது, அதாவது ஆமான்னா மார்க் கொறையும், அதுல ஒண்ணு கேஸ்ல மாட்டினதே இல்லங்கற மாதிரி வரும். எனக்கு பின்னாடி ஒருத்தர், “ஹெல்மெட் போடலன்னு கேஸ் போட்டாங்களே சார், அது கணக்குல வருமா?” நியாயமான கேள்வி, மெட்ராஸ்ல வண்டி ஓட்டி கேஸ் வாங்காதவன் யாரு. அதுவும் ‘இல்லை’ன்னு முடியற வரிக்கு ‘ஒத்துக்க மாட்டேன்’னு டிக் அடிச்சா மாட்டினேன்னு அர்த்தமா மாட்டலன்னு அர்த்தமா, நானே ரெண்டு தடவ அழிச்சேன்.

ரகசியத்த வெளில சொல்றது புத்திசாலித்தனமில்லன்னு ஒரு வரி, அதுக்கு ஆமான்னா சூழ்ச்சிக்கார மார்க் (மேல சொன்ன மொத குணம்) ஏறும். நம்மூர்ல பொண்ணுக்கு வரன் பாக்கறது, வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தது, விசா வந்தது, எல்லாமே முடியற வரைக்கும் வாய தெறக்க மாட்டோம், கண்ணு பட்டுடும். எங்கம்மா இதுல 5க்கு 5 வாங்குவாங்க. இந்த மார்க்க அப்படியே கனடாக்காரன் மார்க்கோட வெச்சு பாத்தா தமிழ்நாடே சூழ்ச்சிக்காரங்கன்னு வரும்.

3 மார்க் எதுக்குன்னா அந்த பொண்ணுக்கு. டிக் அடிச்சதும் பேப்பர புடுங்காம, “இந்த வரிய உங்க வார்த்தைல சொல்லுங்களேன்”, “ஏன் 4 போட்டீங்க”ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒக்காந்து கேட்டுச்சு, தப்பா புரிஞ்சுக்கிட்டவங்கள திருத்தவே இல்ல. எல்லாத்தையும் சரி பண்ணிட்டுதான் பெரிய கூட்டத்துக்கு போவாங்களாம், வரிக்கு பத்து பேருன்னு வெச்சாலும் 270 ஆளு வேணும், சமோசா செலவ யோசிச்சேன்.

அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் கழிச்சு எங்களயே திரும்ப வர சொல்லிருக்காங்க. தலைப்ப தூக்கிடறோம், ‘காரியம்’ மாத்திடறோம்னாங்க. ஹெல்மெட் கேஸ் பத்தி கேட்டேன், சாரு முடிவு பண்ணுவாராம்.