ஒரு ரூபாய் இட்லிக்கு ஒரு டீக்கடைக்காரனின் மார்க்

பண்ருட்டிப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன். காலையில் இட்லியும் போடுவேன், ஒன்று 8 ரூபாய். அதனால் சென்னை அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லியில் குறை கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பைக்கில் போய் விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. கடலூரில் பார்த்துவிட்டுச் சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் 26 நாள். படுத்திருப்பவனுக்கு உள்ளேயே சாப்பாடு வந்துவிடும். கூட இருப்பவன் பாடுதான் திண்டாட்டம். முதல் மூன்று நாள் வெளியே மெஸ்ஸில் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி சட்டைப்பையை எண்ணிப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

அன்றைக்கு வாசலில் ஒரு வேன் வந்து சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தது. வரிசையில் நின்றேன். ஒருவர் பொட்டலத்தை நீட்டினார். பக்கத்தில் இன்னொருவர் செல்போனை நீட்டிக்கொண்டு, "அண்ணா, இங்க பாருங்க" என்றார். பார்த்தேன். புளிசாதம் நன்றாகவே இருந்தது. ஆனால் தூங்கும்போது, அந்தப் போட்டோ சுற்றிச் சுற்றி என் மச்சினன் போனுக்குப் போய்ச் சேருமோ என்பதுதான் யோசனை. கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. அப்புறம் அந்த வரிசைப் பக்கம் நான் போகவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்துக் கட்டில் பாட்டிக்குத் துணையாக இருந்த திருவண்ணாமலைக்காரர்தான் காலையில் அம்மா உணவகத்துக்குக் கூட்டிப்போனார். "வாங்க தம்பி, அஞ்சு ரூபாய் இருந்தா போதும்" என்றார். டிவியில் பார்த்திருக்கிறேனே தவிர உள்ளே போனதில்லை. 2013 பிப்ரவரியில் ஜெயலலிதா தொடங்கியது. 2021-ல் ஆட்சி மாறிய பிறகும் அதே பெயரில் நடக்கிறது. 2024 ஜூலையில் அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலினே ஒரு கிளையைப் போய்ப் பார்த்து, பாத்திரம் வாங்கவும் பழுது பார்க்கவும் 21 கோடி ரூபாய் அறிவித்தார். நடத்துவது மாநகராட்சி, சமைப்பதும் பரிமாறுவதும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். காலை 7 முதல் 10 வரை இட்லி 1 ரூபாய், பொங்கல் 5. மதியம் 12 முதல் 3 வரை சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. எலுமிச்சையோ கறிவேப்பிலையோ ஒரு கலந்த சாதமும் இருக்கும், அதுவும் 5. ராத்திரி இரண்டு சப்பாத்தி 3 ரூபாய், பருப்புக் கடைசலோடு. காலையில் நாலு இட்லியும் ஒரு பொங்கலும், மதியம் ஒரு சாம்பார் சாதமும் ஒரு தயிர் சாதமும், ராத்திரி நாலு சப்பாத்தியும் என்று வயிறு முட்டச் சாப்பிட்டாலும் ஒரு நாளைக்கு 23 ரூபாய். அந்தக் கணக்கில் 26 நாளைக்கு 598. மெஸ்ஸில் எனக்கு மூன்று நாளிலேயே அதைவிடக் கூட ஆகியிருந்தது.

இட்லிக்குப் பத்துக்கு ஆறரை போடுவேன். உளுந்து கொஞ்சம் குறைவு, என் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் புளிப்பு சரியாக இருக்கிறது. அவ்வளவு மாவைப் புளிக்கவிட்டு அந்தப் பதத்தில் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஏழரைக்குள் போனால் ஆவி பறக்கும், விரல் வைத்தால் அமுங்கி எழும்பும். ஒன்பதரைக்கு மேல் ஓரம் இறுகிவிடும். என் கடையிலும் அதே கதைதான். சட்னி கிடையாது, சாம்பார் மட்டும். பொங்கலில் முந்திரி தேடாதீர்கள். நான் முந்திரிக் காட்டு ஊர்க்காரன், பழக்கதோஷத்தில் தேடினேன். மிளகு இருக்கிறது, முழுசாக. பொங்கலுக்கு எட்டரை மார்க். தயிர் சாதம்தான் இருப்பதிலேயே உசத்தி, வெயில் நேரத்தில் அந்த 3 ரூபாய்க்கு ஈடில்லை. சப்பாத்திக்கு மார்க் போடவில்லை, எனக்குச் சப்பாத்தியே ஆகாது.

குறை என்றால், நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும்; ராத்திரியெல்லாம் விழித்த காலுக்கு அது கஷ்டம். பார்சல் தரமாட்டார்கள். வாங்கிப்போய் வெளியே விற்றுவிடக் கூடாதே என்பதற்காக என்றால் நியாயம்தான், ஆனால் கட்டிலை விட்டு நகர முடியாதவர் என்ன செய்வார்? நாங்கள் முறை வைத்துக்கொண்டோம்: நான் போய் வரும் வரை திருவண்ணாமலைக்காரர் தம்பியைப் பார்த்துக்கொள்வார், அவர் போகும்போது பாட்டி என் பொறுப்பு. டீ கிடையாது. அதை நான் குறையாகச் சொன்னால் தொழில் புத்தி என்பீர்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் வடலூர். வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு தருமசாலையில் இன்னும் அணையவில்லை. சின்ன வயதில் தைப்பூசத்துக்குப் போனால் அங்கேதான் சாப்பாடு. அது காசில்லாமல் போடுவது, ஆனால் சாமி இடம், கை நீட்ட ஒரு கூச்சமும் இருந்ததில்லை. சென்னை நடுரோட்டில், வேன் முன்னால் அப்படிக் கூச்சமில்லாமல் நிற்க முடியவில்லை. அம்மா உணவகத்தில் காசைக் கொடுத்து டோக்கன் வாங்கியதும் நான் வாடிக்கையாளன் ஆகிவிட்டேன். கடை என்பதால்தான் இப்படி மார்க் போட்டு எழுதவும் முடிகிறது. அன்னதானத்துக்கு யாராவது மார்க் போடுவார்களா?

என் மனைவி கல்லாவிலிருந்து ஒரு ரூபாய்க் காசாக ஒரு சுருக்குப்பை கட்டிக் கொடுத்தனுப்பினாள். டோக்கன் போடும் அக்காவுக்குச் சில்லறை என்றால் உயிர். "உங்க ஊர்ல நோட்டே அடிக்கிறது இல்லையா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே பத்துப் பத்தாக அடுக்கிவைப்பார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூட இருப்பவர்கள் ராத்திரி தங்க, பெரிய அரசு மருத்துவமனைகளை ஒட்டி மாநகராட்சியின் காப்பகங்கள் உண்டு, காசில்லை. எனக்கு இது தெரிய ஐந்து நாள் ஆனது, அதுவரை வராண்டாதான். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லையென்றால், அதை வாங்கக் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். நான் எடுத்துப் போகவில்லை. ஓர் அலுவலகத்தில், எது என்று கேட்காதீர்கள், இரண்டு நாள் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு அலைந்தேன். கடைசியில் மச்சினன் வி.ஏ.ஓ.வைப் பார்த்து, சான்று வாங்கி அனுப்பினான். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை தர 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது, 2021-லிருந்து. அதற்கு இந்த அட்டை தேவையில்லை. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கும் பொருந்தும். எங்களுக்கு அது தெரிந்தபோது 48 மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது.

டிஸ்சார்ஜ் ஆன அன்று காலை தம்பியையும் கூட்டிப்போனேன். கக்கத்தில் கட்டையை ஊன்றி, மேடையில் சாய்ந்துகொண்டு ஆறு இட்லி தின்றான். ஏழாவதுக்குத் தட்டை நீட்டி, "அக்கா, சாம்பார் ரொம்பத் தண்ணியா இருக்கு, அடியிலேர்ந்து கலக்கி ஊத்துங்க" என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை, கரண்டியை அண்டாவின் அடிவரை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முருங்கைக்காய்த் துண்டோடு ஊற்றினார்.