மரபணுச் சோதனையா, எச்பிஏ1சி சோதனையா?

"அம்மாவுக்குச் சீனி வருத்தம், எனக்கும் வருமா?" வெள்ளவத்தையில் பலருக்கும் இந்தக் கவலை.

செலவு: எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் இரத்தச் சோதனை) மலிவு. மரபணுச் சோதனை (நீரிழிவு வரும் வாய்ப்பைக் கணிப்பது) பல மடங்கு.

நம்பகம்: இதுதான் முக்கியம். மரபணுக் கணிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பியரின் தரவில் உருவானவை. 2024இல் 25 இலட்சம் பேரை ஆராய்ந்த நீரிழிவு மரபணு ஆய்விலும் ஏறத்தாழ 60 வீதம் ஐரோப்பிய வம்சாவளியினரே. நம்மவருக்குக் கணிப்பு பிசகலாம். எச்பிஏ1சி இன்றைய நிலையைச் சொல்லும்: 5.7 வீதம் எச்சரிக்கை, 6.5 தொட்டால் நீரிழிவு. (இரத்தசோகையோ தலசீமியாவோ இருந்தால் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள், அளவு மாறிக் காட்டும்.)

பெற்றோருக்குச் சீனி இருந்தால், எச்பிஏ1சியைத் தவறாமல் பாருங்கள், போதும். மெலிந்த உடல், இளவயது, தலைமுறைதோறும் நீரிழிவு என்றால் ஒற்றை மரபணுப் பிழையாக இருக்கலாம். அங்கே அந்தப் பிழையைத் தேடும் மரபணுச் சோதனைக்குக் காசு கொடுக்கலாம். பிழை உறுதியானால், சிலருக்கு இன்சுலினை விட்டு மாத்திரைக்கே மாறமுடியும்.