சபைத் தேர்தலுக்கு வாக்குச்சீட்டு அடித்துக் கொடுத்த மஞ்சக்குப்பம் அச்சகம்

போன தடவை எங்கள் பாப்டிஸ்ட் சபையின் கமிட்டித் தேர்தலில் நோட்டுத் தாளைக் கிழித்துப் பெயர் எழுதிப் போட்டோம். எண்ணும்போதே இது இன்னார் கையெழுத்து என்று தெரிந்துபோய், இரண்டு குடும்பங்கள் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால் இந்த வருடம் அச்சடித்த சீட்டுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

அமெரிக்காவில் பாப்டிஸ்ட் சபைகளின் பெரிய கூட்டமைப்பான தென் பாப்டிஸ்ட் மாநாட்டில், வருடாந்தரக் கூட்டத்துக்குச் சபைகள் அனுப்பும் பிரதிநிதிகளுக்குச் சீட்டுப் புத்தகம் கொடுப்பார்கள், ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் மேடையில் சொல்லும் எண்ணுள்ள சீட்டைக் கிழித்துப் போட வேண்டும். அதே மாதிரி 120 புத்தகம் கேட்டேன். அச்சக அண்ணன் பில் புக் அடிக்கிற பழக்கத்தில் நம்பரிங் மெஷினை எடுத்துவிட்டார். ஒவ்வொரு சீட்டிலும் தனித்தனி வரிசை எண் விழுந்தால் யார் போட்டது என்று கண்டுபிடித்துவிடலாமே என்றேன். கொஞ்சம் யோசித்து, "அப்போ அட்டையில மட்டும் நம்பர் போடுறேன், உள்ள சுற்றுக்கு ஒரு கலர் வச்சுக்கலாம் சார்" என்றார். முதல் சுற்று வெள்ளை, மறுசுற்று மஞ்சள். மஞ்சள் குவியலில் ஒரு வெள்ளைச் சீட்டு கலந்தாலும் பளிச்சென்று தெரிந்தது.

மறுசுற்று சாதாரண விஷயம் இல்லை. 2021இல் நாஷ்வில் நகரில் கூடிய அந்த மாநாட்டின் தலைவர் தேர்தலில் முதல் சுற்றில் முந்தியவர் மைக் ஸ்டோன், ஆனால் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காததால் முதல் இருவருக்கும் நடந்த மறுசுற்றில் 556 வாக்கு வித்தியாசத்தில் எட் லிட்டன் தலைவரானார். அங்கே தலைவர் பதவி ஒரு வருடம்தான், வழக்கமாக இரண்டு தடவை இருப்பார்கள். ஆனாலும் அவர் நியமிக்கும் குழு இன்னொரு குழுவைப் பரிந்துரைக்கும், அந்தக் குழுதான் இறையியல் கல்லூரிகளின் அறங்காவலர்களைப் பரிந்துரைக்கும். 1979இல் ஹூஸ்டனில் ஏட்ரியன் ராஜர்ஸ் ஜெயித்ததிலிருந்து பழமைவாதத் தரப்பு வருடா வருடம் தலைவர் பதவியைப் பிடித்து, இந்த வழியாகத்தான் கல்லூரிகளைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. எங்கள் சபையிலும் செயலர் யாரோ அவர் சொல்கிற ஆட்கள்தான் கட்டடக் கமிட்டியில் உட்காருகிறார்கள், சண்டையே அதற்குத்தான்.

சரி, அச்சகத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை தருவதாகச் சொன்னது சனி இரவுதான் கைக்கு வந்தது, மறுநாள் ஆராதனை முடிந்ததும் தேர்தல், எனக்கு உயிரே இல்லை. எட்டுப் புத்தகத்தில் கிழிக்கிற துளைக்கோடு சரியாக விழாமல் சீட்டு பாதியில் கிழிந்தது. காட்டியதும் முகம் சுளிக்காமல், கடையைச் சாத்துகிற நேரத்திலும் அந்த எட்டையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார், கூடுதல் காசு வாங்கவில்லை. புத்தகம் ஒன்றுக்கு 18 ரூபாய் ஆனது.

செயலர் பதவி மறுசுற்றில் நான்கே வாக்கில் முடிந்தது. தோற்றவர் எண்ணும் மேசைக்கு வந்து மஞ்சள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார், ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இந்த அச்சகத்துக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் கல்யாணப் பத்திரிகை வேலை குவிகிற தை மாதத்தில் மட்டும் உங்கள் வேலையைப் பத்து நாள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.