சாய்ந்த தென்னையை நம்பி நீல் தீவுக்குப் போனோம்

அந்தமானின் நீல் தீவில் தங்குவதற்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டால் அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன். இரண்டு அறை, மூன்று இரவு, 28,800 ரூபாய். அதன்மேல் ஜிஎஸ்டி என்று 3,456 ரூபாய். 2025 பொங்கல் விடுமுறையில் நடந்தது இது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு ஒரே காரணம் வெட்கம். அலுவலகத்தில் பத்துப் பேருக்கு ‘பார்த்துக் கட்டு, ரசீது வாங்கு’ என்று புத்தி சொல்கிறவன் நான்.

அந்தமான் போவதென்றால் எல்லாரும் ஹேவ்லாக் என்பார்கள். எங்கள் அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, முழங்கால் வலி. கூட்டமில்லாத இடமாக, கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்க ஒரு திண்ணை கிடைத்தால் போதும் என்றார். அதனால் நீல் தீவைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. போர்ட் பிளேரிலிருந்து 37 கிலோமீட்டர் தூரம், சுமார் 14 சதுர கிலோமீட்டர் பரப்பு. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிக் குடும்பங்களை 1960களில் குடியமர்த்திய ஊர். ஊர்ப் பெயர்களில் பெரும்பாலும் ராமாயணம்: பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர், ராம்நகர். போர்ட் பிளேர் சந்தைக்குக் கத்திரிக்காயும் வாழைக்காயும் இங்கிருந்துதான் கப்பலேறுகின்றன. 2018 டிசம்பரில் ஷாஹீத் தீவு என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். படகு டிக்கெட்டில் அந்தப் பெயர்தான் இருக்கும், பார்த்துப் பதற வேண்டாம். பழைய பெயருக்கு உரிய நீல் துரை, 1857 எழுச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேயப் படை அதிகாரி, நமக்குப் புதியவர் அல்ல. சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற சிலையை அகற்றச் சொல்லி 1927இல் சத்தியாகிரகம் நடந்ததே, 1937இல் ராஜாஜி ஆட்சிக் காலத்தில் சிலை அருங்காட்சியகத்துக்குப் போனதே, அதே நீல்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அலுவலக நண்பர் ஒருவர் ஒரு முகவரின் எண்ணைக் கொடுத்தார். போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறையப் பேர் உண்டு, இவரும் தமிழர். முதல் அழைப்பிலேயே “அண்ணா, நீங்கள் எந்த ஊர்? திருச்சியா! எங்கள் பெரியம்மா வீடு உறையூரில்தான் இருக்கிறது” என்றார். அந்த உறையூரில் நான் பாதி விழுந்துவிட்டேன். அடுத்து வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. லக்ஷ்மண்பூர் கடற்கரை, ஓலைக் கூரை வேய்ந்த குடில், அதன் முன்னால் கடலை நோக்கிச் சாய்ந்த ஒரு தென்னை, தென்னையின் அடிவரை பச்சை நிறத் தண்ணீர். ‘கடலுக்கு இருபது எட்டு நடைதான். அறையிலிருந்தே சூரிய அஸ்தமனம்’ என்று கீழே எழுதியிருந்தது.

நான் கேட்டது மூன்று. தரைத்தளம், மேற்கத்தியக் கழிவறை, அஸ்தமனம் தெரியும் திண்ணை. மூன்றுக்கும் “கண்டிப்பாக அண்ணா” என்றார். பொங்கல் சீசன் என்பதால் முழுப் பணமும் முன்னதாக வேண்டும் என்றார். யுபிஐயில் பணம் போடும்போது எதிரே வந்த பெயர் விடுதியின் பெயரும் அல்ல, அவருடைய பெயரும் அல்ல. யாரோ ஒரு பெண்ணின் பெயர். விரல் ஒரு கணம் நின்றது. மனைவி பெயரில் கணக்கு வைத்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அழுத்தினேன். ஏமாற்றுகிறவன் பாதி வேலையைத்தான் செய்கிறான். மீதியை நாமே செய்து கொடுத்துவிடுகிறோம்.

படகு டிக்கெட்டும் அவரே போட்டார். போர்ட் பிளேரிலிருந்து பிற்பகல் படகு. காலைப் படகில் இடமில்லை என்றார். இருந்ததா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. இந்தப் பிற்பகல் படகில்தான் சூட்சுமமே இருக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல் அன்று, நான்கு மணியளவில் பரத்பூர் படகுத்துறையில் இறங்கினோம். பெயர் எழுதிய அட்டையோடு ஆட்டோக்காரர் நின்றிருந்தார். லக்ஷ்மண்பூர் இருப்பது தீவின் மேற்குப் பக்கம். ஆட்டோ கிழக்கே திரும்பியது. கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மகள்தான் முதலில் கேட்டாள்: “அப்பா, நாம் விலகிப் போகிறோமே?” ஓட்டுநரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். அவர் சீதாபூர் என்றார். கடைத்தெருவைத் தாண்டி, பாக்குத் தோட்டங்களைத் தாண்டி, சாலையோரத்து வீடு ஒன்றின் முன்னால் நிறுத்தினார். கடல் தெரியவில்லை, அலைச் சத்தம்கூட இல்லை.

முகவரை அழைத்தேன். நான்காவது முறை எடுத்தார். “அண்ணா, அங்கே குழாய் உடைந்துவிட்டது. இதுவும் நம் இடம்தான். இன்று ஒரு இரவு இருங்கள், நாளைக் காலையில் மாற்றிவிடுகிறேன்.” அன்று அந்தத் தீவில் சூரியன் மறைந்தது ஐந்தேகால் மணி வாக்கில். கடிகாரத்தில் இந்திய நேரம்தான், ஆனால் அந்தமான் அவ்வளவு கிழக்கே இருப்பதால் சென்னையைவிட ஏறக்குறைய முக்கால் மணி நேரம் முன்னதாகவே இருட்டிவிடுகிறது. அன்றைக்கு இனிப் படகு கிடையாது. நான்கு பெட்டிகள், இரண்டு மணி நேரம் படகில் வந்து தலைசுற்றி உட்கார்ந்திருக்கும் அம்மா, பொங்கல் விடுமுறைக் கூட்டம். இந்த நிலையில் யார் வேறு விடுதி தேடிப் போவார்கள்? சென்னையிலோ மதுரையிலோ இப்படிச் செய்தால் ‘போய்யா’ என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். தீவில் அது முடியாது என்பது அவருக்குத் தெரியும். பிற்பகல் படகில் ஏற்றி அனுப்பியது அதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

தரைத்தளம் என்று அவர் சொன்னது பொய் இல்லை. தரைத்தளத்துக்கு ஏழு படி இருந்தது. கைப்பிடி கிடையாது. அம்மாவை நானும் அந்த வீட்டைக் கவனித்துக்கொள்ளும் வங்காளிப் பையனும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினோம். ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுத் தகரச் சுவர். நடுவே ஒரு வாழைக்கன்று. குழாய்த் தண்ணீரில் உப்பு. சோப்பு கையில் வழவழவென்று நின்றதே தவிர நுரைக்கவில்லை. இரவு ஒன்பதரைக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் உண்டு என்று சொல்லியிருந்தார். உண்மைதான், ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஓடின. ஏசி ஓடவில்லை. இந்தத் தீவில் மின்சாரம் போவது விடுதிக்காரர் குற்றம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஏசி அறை என்று கூடுதலாக வாங்குகிறவர், ஜெனரேட்டரில் அது ஓடாது என்பதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்?

அந்தப் பையன் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்காமலே அம்மாவுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தான். ஒரு இரவுக்கு முகவர் அங்கே என்ன கொடுக்கிறார் என்று கேட்டேன். முதலில் சிரித்தான். பிறகு, ஓர் அறைக்கு 1,200 என்றான். நாங்கள் கொடுத்தது 4,800.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கைப்பேசியில் இருந்த படத்தோடு லக்ஷ்மண்பூர் போனேன். சாய்ந்த தென்னையைத் தேடிக் கண்டுபிடிப்பது என்று வெறி பிடித்திருந்தது. கிடைத்துவிட்டது. அதே வளைவு, அடிமரத்தில் அதே கொத்து வடு. ஆனால் அதன் அடியில் தண்ணீர் இல்லை. கடல் எங்கோ தூரத்தில் இருந்தது. இடையில் முழுக்கச் செத்த பவளப் பாறை, கூர்கூராக. செருப்பில்லாமல் பத்து எட்டு வைக்க முடியாது.

அந்த விடுதியின் மேலாளரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். “இது எங்கள் குடில்தான். ஆனால் பழைய படம்” என்று கையை மேலே நீட்டினார். கூரை தகரம். ஓலையை மாற்றி இரண்டு வருடம் ஆகிறதாம். குழாய் உடைந்ததா என்றேன். எந்தக் குழாயும் உடையவில்லை. என் பெயரிலோ முகவர் பெயரிலோ பதிவும் இல்லை. முந்தைய இரவு அதே வரிசையில் இரண்டு குடில்கள் காலியாகத்தான் கிடந்தன. விலையையும் கேட்டுத் தொலைத்தேன்: 4,200.

கடலைப் பற்றியும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். பதினொரு மணிக்கு வாருங்கள், தென்னைக்குப் பக்கத்தில் தண்ணீர் நிற்கும் என்றார். போய்ப் பார்த்தேன், நின்றது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் அங்கே நீர் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் வித்தியாசம் இருக்கிறது. நாங்கள் போனது பௌர்ணமி முடிந்த இரண்டாம் நாள். அந்த நேரமும் நிற்பதில்லை, நாளுக்கு ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப் போகிறது. ஆகவே ‘அறை வாசலில் கடல்’ என்று யார் படம் போட்டாலும், அது ஒரு நாளில் சில மணி நேரத்துக்கான உண்மை. நேர்மையான விடுதிக்காரர்கள் போடும் படமும் நீர் ஏறிய நேரத்துப் படம்தான். அதைக் குற்றம் சொல்ல முடியாது, பெண் பார்க்கப் போகும்போது யாரும் கிழிந்த புடவை கட்டுவதில்லை. குளிக்க வேண்டுமா, நீர் ஏறும் நேரம் எப்போது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். லக்ஷ்மண்பூரில் இன்னொரு பக்கம் இருக்கும் இயற்கைப் பாறை வளைவைப் பார்க்க வேண்டுமானால் நீர் வற்றிய நேரத்தில்தான் போக முடியும்.

அஸ்தமனம் வேண்டும் என்றுதானே கேட்டோம். எங்களை வைத்திருந்த சீதாபூர்ப் பக்கம் சூரியன் உதிக்கிற பக்கம். மூன்று நாளும் அம்மா உதயத்தைப் பார்த்தார். அதுவும் அழகாகத்தான் இருந்தது என்று எனக்காகச் சொன்னார்.

‘நாளைக் காலை’ வரவில்லை. இரண்டாம் நாள் முகவர், “மேலாளரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் அண்ணா” என்றார். நான் சற்று முன்புதான் அந்த மேலாளரோடு தேநீர் குடித்துவிட்டு வந்தேன் என்றதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது. பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார். ஊர் திரும்பியதும் மகளின் எண்ணிலிருந்து ஒரே ஒரு செய்தி அனுப்பினேன்: ‘ஜிஎஸ்டி வாங்கியிருக்கிறீர்கள், உங்கள் ஜிஎஸ்டி எண்ணையும் பில்லையும் அனுப்புங்கள்.’ ஒரு மணி நேரத்தில் 3,456 ரூபாய் கணக்கில் வந்து விழுந்தது. மீதிக்குப் பேச்சே இல்லை. பதிவு பெறாதவர் அந்த வரியை வாங்கவே கூடாது. பதிவு எண் 15 இலக்கம். அந்தமானில் பதிவு செய்தது என்றால் 35 என்று தொடங்கும், தமிழ்நாடு என்றால் 33. பணம் அனுப்புவதற்கு முன்பு இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் மொத்தமும் தப்பியிருக்கும்.

1930 என்ற எண்ணுக்கு அழைத்தபோது நான் பணம் அனுப்பி ஒரு மாதம் ஓடியிருந்தது. இணையப் பணமோசடிக்கான அந்த எண்ணை உடனே அழைத்தால்தான் பணம் கைமாறுவதற்குள் நிறுத்த வழியுண்டு. 1915 நுகர்வோர் உதவி எண். அங்கும் பதிவு செய்தேன். அதற்குப் பிறகு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று தெரிந்துகொண்டு, திருச்சி மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்தேன். ஐந்து லட்ச ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும்.

நீல் தீவுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மறுபடியும் போவேன். முதல் இரவை போர்ட் பிளேரில் தங்கிவிட்டு, காலைப் படகில்தான் போவேன். இடம் சரியில்லை என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பகல் வெளிச்சம் இருக்கும். முகவரிடம் விடுதியின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு விடுதிக்கே போன் போடுவேன். ஓர் இரவுக்கு மேல் முன்பணம் அனுப்ப மாட்டேன், அதுவும் விடுதியின் பெயரில் இருக்கும் கணக்குக்குத்தான். அம்மாவோடு போவதாக இருந்தால், வாசலிலிருந்து கட்டில்வரை வீடியோ அழைப்பில் நடந்து காட்டச் சொல்வேன். படிகளை எண்ணிவிடுவேன்.

மனு நிலுவையில் இருக்கிறது. முகவருக்கு அனுப்பிய நோட்டீஸ் ‘முகவரியில் ஆள் இல்லை’ என்று திரும்பி வந்தது. ஆனால் ஆள் இருக்கிறார். மகளின் எண்ணைத் தடுக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. போன வாரம் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அந்த ஓலைக் குடிலும் சாய்ந்த தென்னையும் மறுபடி வந்திருந்தன. கடலுக்கு இப்போது பதினைந்தே எட்டாம்.