முடியை அனுப்பினால் உணவு ஒவ்வாமையைச் சொல்கிறேன் என்பவர்களிடம் எச்சரிக்கை

எங்கள் நாய் பாதங்களை ஓயாமல் நக்குவதும், அடிக்கடி காதில் புண் வந்து அவதிப்படுவதுமாக இருந்ததால், இணையத்தில் தம்மை நாய் உணவு ஆலோசகர் என்று சொல்லிக்கொண்ட ஒருவரை நம்பி அதன் முடியைக் கத்தரித்து அனுப்பினேன். முப்பதுக்கும் மேற்பட்ட ஒவ்வாத பொருள்களின் பட்டியலும், அவை எதுவும் கலக்காதது என்று சொல்லி அவரே விற்கும் உலர் உணவும் வந்து சேர்ந்தன. முடியையோ உமிழ்நீரையோ சோதித்து உணவு ஒவ்வாமையை நம்பகமாகக் கண்டறிய முடியாது என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பழைய உணவை அன்றே நிறுத்தச் சொன்னார். பொதுவாகப் புதிய உணவைக் கால் பங்கில் தொடங்கி, 7 முதல் 10 நாள்களில் சிறிது சிறிதாகக் கூட்டித்தான் மாற்ற வேண்டும். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு தொடங்கியபோது, உடலில் தேங்கிய நச்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறிதான் என்றார். ஐந்தாம் நாள் மலத்தின்மேல் சளி ஆடைபோல் படிந்திருந்ததைப் படமெடுத்து அனுப்பினேன். அதற்கும் அதே பதில்தான். குறிப்பெடுத்து மனத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னார். அதை அக்கறை என்று நினைத்தேன்!

ஒன்பதாம் நாள் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஈறு பிசுபிசுத்தது, பிடரித் தோலை இழுத்துவிட்டால் மெதுவாகத்தான் படிந்தது. நீரிழப்பு. 14 கிலோ இருந்த நாய் 12.6 கிலோவுக்கு வந்திருந்தது. ஒரு நாளில் எத்தனை முறை போனது, இரத்தம் கலந்திருந்ததா, வாந்தி எடுத்தது சாப்பிட்டு எவ்வளவு நேரத்துக்குப் பின், இடையில் வேறென்ன தின்றது என்று அவர் வரிசையாகக் கேட்டபோது, ஒன்றுக்கும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பையைப் புரட்டிப் பார்த்தவர், பின்புறத்துப் பொடி எழுத்தில் கோழிக் கொழுப்பு இருப்பதைக் காட்டினார். ஆலோசகரின் பட்டியலில் முதலில் இருந்ததே கோழிதான்.

வயிறு தேறிய பிறகு மருத்துவர் முறையான சோதனையைத் தொடங்கினார். நாய் அதுவரை தின்றிராத ஒரே புரதத்தைக் கொண்ட உணவைக் குறைந்தது 8 வாரம் கொடுக்க வேண்டும். இடையில் பிஸ்கட்டோ, சுவையூட்டிய மாத்திரையோகூடக் கூடாது. வயிறு சில வாரங்களில் சரியாகலாம், தோலுக்குத்தான் கூடுதல் காலம் பிடிக்கும். மலத்துக்கு 1 முதல் 7 வரை (1 கல்போல் இறுகியது, 7 தண்ணீர்), அரிப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு ஒவ்வோர் இரவும் எழுதினேன். வாரம் ஒருமுறை, காலை உணவுக்கு முன், ஒரே தராசில் எடை பார்த்தேன். ஐந்தாம் வாரம் அரிப்பு திடீரென 3 இலிருந்து 7 ஆனபோது, விருந்தாளி ஒருவர் பிஸ்கட் கொடுத்ததைக் குறிப்பேட்டைக் கொண்டே கண்டுபிடித்தேன். எட்டு வாரம் முடிந்து, மருத்துவர் சொற்படி பழைய உணவைத் திரும்பக் கொடுத்த நான்காம் நாள் பாதங்களை நக்குவது மீண்டும் தொடங்கிய பிறகே, ஒவ்வாமை உணவால்தான் என்று அவர் உறுதி செய்தார்.

பிரித்த பைக்குப் பணம் திரும்பாது என்று சொல்லிவிட்டு, அந்த ஆலோசகர் என் எண்ணைத் தடைசெய்துவிட்டார். அவருடைய விளம்பரத்தில் 'முன்பு' என்ற தலைப்பின்கீழ் இப்போதும் என் நாயின் படம் இருக்கிறது. 'பின்பு' என்பதன்கீழ் இருப்பது வேறு நாய்.