மனநல கவுன்சலிங்கா, குடும்ப சிகிச்சையா?

அமெரிக்காவில் முதுகலைக்கு இந்த இரண்டில் எது என்று குழம்புகிறவர்கள் பாடப் பட்டியலைவிடப் பயிற்சி அறையைப் பார்ப்பது நல்லது. மனநல கவுன்சலிங்கில் பெரும்பாலும் எதிரே ஒருவர்தான். அவருடைய பதற்றம், மனச்சோர்வு. கவுன்சலிங் படிப்புகளைத் தரம் பார்க்கும் அமைப்பான காக்ரெப்பின் (CACREP) அங்கீகாரம் உள்ள படிப்பென்றால் 600 மணி நேர இன்டர்ன்ஷிப், அதில் 240 நேரடி சிகிச்சை.

குடும்ப சிகிச்சைப் படிப்பில் கணவன் பேசும்போது மனைவியின் முகம் எப்படிப் போகிறது என்பதும் பாடம். பல இடங்களில் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மேற்பார்வையாளர் கவனிப்பார். நடுவில் உள்ளே இருக்கும் மாணவருக்குப் போன் அடித்து, "மகனிடம் கேளுங்க" என்பார். முதலில் உதறல்தான். மூன்று தலைமுறைக்கு ஜெனோகிராமும், அதாவது உறவுகளைக் காட்டும் குடும்ப வரைபடமும், வரைய வேண்டும், சொந்தக் குடும்பத்துக்கும் சேர்த்து.

உரிமத்துக்கு இரண்டிலுமே பட்டத்துக்குப் பின் மேற்பார்வையில் வேலை உண்டு. மணிக்கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அடுத்தவர் சண்டைக்கு நடுவே உட்கார வராதென்றால் கவுன்சலிங்கே மேல்.