கல்யாண பட்ஜெட்: பட்டுப்புடவையா, இன்னொரு பவுனா?

கல்யாணத்துக்கு எடுக்கும் துணியிலேயே நிறையப் பணம் கரைந்துவிடுகிறது. வரவேற்புக்கு வாங்கிய லெஹங்காவை மறுபடி போடுபவர்கள் குறைவு. காஞ்சிப் பட்டு பரவாயில்லை. அசல் வெள்ளி ஜரிகை என்றால் பழசையும் எடை போட்டு வாங்க ஆள் உண்டு. ஆனாலும் போட்ட பணத்தில் சிறு பங்குதான் திரும்பும்.

நகை அப்படியில்லை. ஒரு பவுன், அதாவது 8 கிராம், 22 காரட் வளையல் இருபது வருஷம் கழித்தும் 22 காரட்தான். அவசரத்துக்கு அடகும் வைக்கலாம். என் ஓட்டு நகைக்கே. ஆனால் செய்கூலி, சேதாரம் போனது போனதுதான். அதனால் கல் பதித்த நெக்லஸைவிட வெறும் சங்கிலியும் வளையலுமே மேல். 916 முத்திரைக்குப் பக்கத்தில் இருக்கும் எச்யுஐடியை, அதாவது எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட, நகைக்கு நகை மாறும் அடையாளக் குறியீட்டை, லென்ஸ் வைத்துப் படித்து, பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள்.

பாதுகாப்பில் மட்டும் புடவை ஜெயிக்கிறது. அவ்வப்போது மடிப்பை மாற்றி, பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும். நகைக்கோ லாக்கர் வேண்டும். அதிலும் தீ, திருட்டு, ஊழியர் மோசடி நடந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்குதான். 2,000 ரூபாய் வாடகைக்கு 2 லட்சம், அவ்வளவே. வெள்ளம், நிலநடுக்கம் என்றால் பொதுவாக அதுவும் கிடையாது. ஆகவே நகைக்குத் தனியாகக் காப்பீடு எடுங்கள். அப்புறம், பில்லையும் ஒவ்வொரு நகையின் போட்டோவையும் லாக்கருக்கு வெளியே வையுங்கள்.